52 நிமிடக் கொட்டான்

மதுரை,
ஐப்பசி மாதம்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதமும் திட்டமும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் மற்றதைப் பிரித்தேன். இங்கே மூன்று நாளாக மழை பிடித்துக்கொண்டது. வைகையில் தண்ணீர் போகிறது. அதை வேடிக்கை பார்க்க ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் ஒரு கூட்டம்.

திட்டம் அழகாக இருக்கிறது. மேலூர்ப் பக்கம் 40 பெண்கள், 8 இளவட்டங்கள், பனை ஓலைச் சாமான், சொந்த பிராண்டு, மூன்று நிறத்தில் லோகோ. ஆனால் 14 பக்கத்தில் ஓர் இடத்தில்கூட 'நிமிடம்' என்ற சொல் இல்லை. ஒரு கொட்டானுக்கு, அதாவது ஒரு சின்ன ஓலைக் கூடைக்கு, எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரியாமல் டிசைன் செய்யவே முடியாது என்பது என் கட்சி.

முதலில் இதைச் செய். கைதேர்ந்தவர் ஒருவர், நடுத்தரம் ஒருவர், புதிதாகப் பழகியவர் ஒருவர் என மூன்று பேரை உட்காரவைத்து ஆளுக்கு 5 கொட்டான் போடச் சொல். ஈர்க்கு எடுப்பதில் தொடங்கி விளிம்பு மடித்து நறுக்கும்வரை நேரம் குறி. ஆளுக்கு முதலாவது கொட்டானைக் கணக்கில் சேர்க்காதே, அது கை சூடேறும் நேரம். நடுத்தரக்காரரின் சராசரியை எடுத்துக்கொள். கைதேர்ந்தவரின் வேகத்தில் கூலி போட்டால் மற்ற எல்லோரும் நஷ்டத்துக்கு முடைவார்கள். இரண்டு மாதத்தில் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவார்கள்.

ஒரு பேச்சுக்கு, 4 அங்குலக் கொட்டான், மூடி இல்லாதது, 52 நிமிடம் என்று வை. வீட்டு வேலை போக ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது நாளுக்கு 6 மணி நேரம். நாளுக்கு 450 ரூபாய் கொடுக்க நினைத்தால் மணிக்கு 75, கொட்டானுக்கு 65. (நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் வைத்த கூலி 336. அதற்குக் கீழே போகும் கைவினைத் தொழிலை எந்த வாயால் 'ஆதரவு' என்று சொல்வது?) ஓலையும் சாயமும் 15, விளிம்பு சரிபார்ப்பு 8, அட்டைப் பெட்டியும் லேபிளும் 12. ஆக 100. கழித்துப் போடுவதற்கு 8, வாடகை, வண்டி, கரண்டுக்கு 20. உன் லாபம் 32 சேர்த்தால் மொத்த விலை 160. கடைக்காரர் ஏறக்குறைய பாதியைத் தன் பங்காகக் கேட்பார், எனவே கடையில் 320.

320 ரூபாய்க்கு யாரும் தாம்பூலக் கொட்டான் வாங்க மாட்டார்கள். இந்த இடத்தில் எல்லோரும் கைவைப்பது அந்த 65இல். நீ வைக்க வேண்டியது 52இல்.

நேரத்தைப் பிரித்துப் பார்த்தால், ஓலையை வகிர்வதிலும் ஒரே அகலமாகப் பொறுக்குவதிலும் மட்டும் 16 நிமிடம் போகும். அதை ஓர் இடத்தில் கட்டை வைத்துச் செய்யலாம். வேப்பங்கட்டை ஒன்றில் 4 கட்டர் பிளேடுகளை நிறுத்தி, நடுவில் 6 மில்லிமீட்டர் தகடுகளைக் கொடுத்து, ஒரே போல்ட்டில் இறுக்கினால் ஓர் இழுப்பில் 3 பட்டை வரும். அடிப்பக்கத்தை முதலில் நுழைத்து நுனிப்பக்கம் முடிகிற மாதிரி இழுக்க வேண்டும். நுனி குறுகலாக இருப்பதால் அங்கிருந்து தொடங்கினால் கடைசிப் பட்டை பாதியில் சரிந்துவிடும். ஓலை மொறமொறவென்று இருந்தால் வெடிக்கும், ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பதமான பிறகு இழு. பட்டையின் ஓரம் நார் நாராகப் பிசிறினால் ஓலையைத் திட்டாதே, பிளேடு மழுங்கிவிட்டது.

கட்டையில் ஒரு கொட்டானுக்கான பட்டை 4 நிமிடத்தில் ஆகும். முடைபவருக்கு மிஞ்சுவது 36 நிமிடம்: நாளுக்கு 10 கொட்டான், கொட்டானுக்கு 45 ரூபாய், அதே 450. வகிர்பவருக்கு 5. அசலில் 15 ரூபாய் இறங்கிவிட்டது. முழுவதையும் விலையில் கழிக்காதே; முடைபவருக்கு 45ஐ 50 ஆக்கு. நாள் கூலி 500 என்ற பேச்சு பக்கத்து ஊருக்குத் தானாகப் போய்ச் சேரும். கல்யாண வீட்டுக்கு நேராக 150க்குக் கொடுத்தால் கடைக்காரர் பங்கும் இல்லை.

அளவு பிசகுவதுதான் அடுத்த தலைவலி. ஓலையை நனைத்து முடைகிறோம். காய்ந்ததும் பட்டை சுருங்கி இடைவெளி விழும். பின்னலை முடித்த கையோடு விளிம்பு மடித்தால் அந்த இடைவெளி அப்படியே நின்றுவிடும். ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் பட்டைகளை அடிப்பக்கம் தள்ளி இறுக்கி, அப்புறம் விளிம்பு மடிக்க வேண்டும். உள்ளே வைக்க 4 அங்குல மரக்கட்டை ஆளுக்கொன்று கொடு. கண் அளவில் போட்டால் காலை வேலைக்கும் சாயங்கால வேலைக்கும் கால் அங்குலம் வித்தியாசம் வரும். மூடி போட்ட பெட்டி என்றால் உடலையும் மூடியையும் ஒரே ஆள், ஒரே நாள் ஓலையில் செய்ய வேண்டும். மூடியின் கட்டை 3 மில்லிமீட்டர் பெரிது. ஒருவர் உடல், இன்னொருவர் மூடி என்று பிரித்துக் கொடுத்தால் வேகம் கூடுவது போலத் தெரியும். கடைசியில் ஜோடி சேராத மூடிகள் ஒரு சாக்கு மிஞ்சும்.

ஓலைக் கணக்கை மறந்துவிடாதே. பனை மாதத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் ஓலை விடும். எல்லாக் குருத்தையும் எடுத்தால் மரம் தேய்ந்துவிடும், ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கச் சொல். வடலியில் (இளம்பனையில்) எடுத்தால் ஏறுகூலி இல்லை. பதநீர்ப் பருவத்தில் பனையேறுபவர் எப்படியும் மரத்தில் இருப்பார். பருவம் போன பிறகு குருத்துக்காக மட்டும் ஏறச் சொன்னால் கூலி தனி. ஆகவே பங்குனி, சித்திரை வெயிலிலேயே உலர்த்திச் சேர்த்துவை. ஓலைக் கட்டுகளைக் காலையிலும் மாலையிலும் தராசில் போடு, எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். இப்போது பெய்கிற மழையில் யாரும் ஓலை காயவைக்க முடியாது.

பூசணமும் இந்த மாதத்து விருந்தாளிதான். வெயிலில் வைத்த கொட்டானைச் சூட்டோடு பாலிதீன் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து, நாலாம் நாள் கறுப்புப் புள்ளி. நிழலில் ஆறவிட்டு, காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வை. சாயம் போட்டதென்றால் ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பார், துணியில் இறங்கினால் மணப்பெண்ணின் பட்டிலும் இறங்கும். பலகாரம் வைப்பதற்குச் சாயமில்லாத ஓலை மட்டும். சாயத் தண்ணீரைக் கண்மாயில் விட்டால் ஊர் உன்னைச் சும்மா விடாது, நியாயம்தான்.

8 இளவட்டங்களுக்கு நீ எழுதியிருப்பது 'விழிப்புணர்வு, சமூக ஊடகம்'. இதற்கு 8 பேர் எதற்கு? இருவர் வகிர்கட்டை. ஒருவர் ஓலை இருப்பும் ஈரமும். இருவர் வீடுவீடாகப் போய்ப் பட்டை கொடுத்து, கொட்டான் வாங்கி, அந்த இடத்திலேயே அளவுக் கட்டையில் போட்டுப் பார்த்து, கூடாததைத் திருப்பித் தருபவர்கள். இந்த வேலைக்கு நாக்கில் பதமும் வேண்டும். அத்தையிடம் 'இது ரிஜெக்ட்' என்று சொல்கிற பையனுக்கு மறுநாள் அந்தத் தெருவில் தண்ணீர்கூடக் கிடைக்காது. ஒருவர் கணக்கு: சனிக்கிழமை தோறும் பணம் அந்தந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், வீட்டுக்காரர் கணக்குக்கு அல்ல. மீதி இருவர் படம், பெட்டி கட்டுதல், ஆர்டர். எல்லோருக்கும் சம்பளம். 'அனுபவம் கிடைக்கும்' என்று சொல்லி ஆள் சேர்க்காதே.

1,000 கொட்டான் ஆர்டர் வந்தால் 10 பேருக்கு 10 நாள் வேலை. கழிவுக்கு 1,080 போட வேண்டும். சாவு, சடங்கு, கோயில் கொடை எல்லாம் இருக்கிறது, 20 நாள் கேள். பாதிப் பணம் முன்கூட்டி. கம்பெனிக்காரர்கள் மூன்று மாதம் இழுப்பார்கள். உற்பத்தித் தொழில் என்று உத்யமில் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) இலவசமாகப் பதிந்துகொண்டால் 45 நாளுக்கு மேல் இழுத்ததற்கு வட்டி கேட்கச் சட்டம் இருக்கிறது. பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடு. கடனுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரி: 3 லட்சம் வரை, 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. 35 வயது நிரம்பியவருக்குத்தான், ஆகவே விண்ணப்பம் போட வேண்டியவர்கள் முடைகிற பெண்கள். உன் பையன்கள் அல்ல.

ஒன்றே ஒன்றுக்குச் சண்டை போடுகிறேன். லேபிளில் 'செட்டிநாடு கொட்டான்' என்று எழுதியிருக்கிறாய். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர், காரைக்குடிப் பக்கத்துக்குச் சொந்தம். மேலூரில் முடைந்ததற்கு அந்தப் பெயர் ஆகாது. துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் நம் மதுரைச் சுங்குடிக்கு 2005இலேயே குறியீடு கிடைத்தும், அச்சில் புள்ளி குத்திய சேலை இன்றும் அதே பெயரில் விற்கிறது. முடிச்சுப் போடும் கைக்கு அதனால் என்ன கூலி மிஞ்சும் என்று உனக்குத் தெரியும். ஊர்ப் பெயரைப் போடு. அந்தப் பின்னலை உன் பெயரில் டிசைனாகப் பதியும் யோசனையையும் விடு, ஊரில் காலங்காலமாக இருப்பது புதிய டிசைன் ஆகாது. உன் வகிர்கட்டை வேண்டுமானால் உன்னுடையது.

மூன்று பேருடைய 15 கொட்டானுக்கும் நேரம் குறித்து அனுப்பு. லோகோவை அப்புறம் பார்ப்போம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பங்காளி