அம்மாவின் போனுக்கும் ஒரு அப் தாருங்கள்

வங்கிக்கும் பஸ் ரிக்கெற்றுக்கும் ஓட்டோ பிடிக்கவும் அப் செய்து தரும் கம்பனிகளுக்கு வணக்கம்.

சீனக் கம்பனியான ஹுவாவியின் போன்களுக்கு 2019இல் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. தன் நாட்டுக் கம்பனிகள் அனுமதியில்லாமல் ஹுவாவிக்கு எதுவும் விற்கக் கூடாது என்று மே மாதம் அமெரிக்கா தடை போட்டது, செப்டெம்பரில் அறிமுகமான ஹுவாவி மேட் 30 போனில் கூகிளும் இல்லை, பிளே ஸ்ரோரும் இல்லை. வோஷிங்டனும் பெய்ஜிங்கும் பிடித்த சண்டை நெல்லியடியில் இருக்கிற அம்மாவின் மின்சாரப் பில் வரைக்கும் வரும் என்று அப்போது யார் கண்டது?

அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அப்படிக் கூகிள் இல்லாத ஹுவாவி போன் ஒரே மாதிரி இரண்டு கொண்டுவந்தார், ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. நல்ல போன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் வங்கி, இனி இரகசிய எண் எஸ்எம்எஸ்ஸில் வராது, அப்பில்தான் அனுமதி கொடுக்க வேண்டும் என்று திடீரென்று மாற்றிவிட்டது. அந்த அப் பிளே ஸ்ரோரில் மட்டும். யாழ்ப்பாணத்தில் போன் கடைத் தம்பி, கூகிள் இல்லாத போனிலும் கூகிள் அப்களை ஓடவைக்கிற ஜிபொக்ஸ் என்ற அப்பைப் போட்டுப் பார்த்தார். வங்கி அப் திறந்தது, இந்தப் போன் பாதுகாப்பில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. கிளையில் கேட்டால், "அம்மா, வேற போன் ஒண்டு எடுங்கோவன்" என்கிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய நாட்டில், நல்லாய் வேலை செய்கிற போனை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கச் சொல்வது எவ்வளவு சுலபம்!

கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பொடியன், ஏ.எல். படிக்கிறவன், தன் போனில் அம்மாவின் பெயரில் அந்த அப்பைப் போட்டுக்கொடுத்தான். பாதுகாப்புக்காகத்தான் இந்த மாற்றம் என்றீர்கள், இப்போது அம்மாவின் கணக்கைத் திறக்கிற திறப்பு அடுத்த வீட்டுக்காரனின் காற்சட்டைப் பையில் கிடக்கிறது. தங்கமான பிள்ளை, அது வேறு கதை. அவன் ரியூசனுக்குப் போனால் போனை நிறுத்திவிடுவான். அம்மா பில் கட்ட வெளிக்கிட்டு, அனுமதி கேட்டு, நேரம் முடிந்து, திரும்பக் கேட்டு, பிறகு வேலியடியில் நின்று அவன் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பா. எழுபது வயதில் தன் காசைத் தான் எடுக்க இப்படிக் காத்து நிற்க வேண்டுமா?

முழு அப்பையும் புதிதாக எழுதுங்கள் என்று கேட்கவில்லை. எங்கள் கையில் இருப்பதும் அன்ட்ரொய்ட் அப் ஓடும் போன்தான். அறிவித்தலுக்கும் வரைபடத்துக்கும் கூகிளை நம்பியிருக்கும் இடங்களில் ஹுவாவியின் புஷ் கிற், மப் கிற் போன்றவற்றைப் பொருத்தி, ஹுவாவியின் சொந்த அப் கடையான அப்கலரியில் ஏற்றிவிடுங்கள். வேலை இருக்கிறது, சோதித்துப் பார்க்க ஆளும் வேண்டும், மறுக்கவில்லை. பாவிக்கிற ஆட்கள் குறைவு என்பீர்கள். அப் இல்லாததால் ஆட்கள் விட்டுப் போகிறார்கள், ஆட்கள் போனதால் நீங்கள் அப் செய்வதில்லை. இப்படியே அப் இல்லாமல் அழிந்துபோன விண்டோஸ் போனை வைத்திருந்தவர்களைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

சொல்லப்போனால், அப் கிடைத்தவர்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? தமிழ் என்று ஒரு பொத்தான் வைத்திருப்பீர்கள், அதை அமத்தினால் முதல் பக்கம் மட்டும் தமிழ், அடுத்ததில் ஆங்கிலம், பிழை வந்தால் சிங்களம். அந்த முதல் பக்கத் தமிழையும் யார் எழுதினார்களோ, அம்மா வாசித்துவிட்டு இது என்ன பாஷை என்று கேட்டா.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அப்கலரியிலும் உங்கள் அப்பைப் போடுங்கள். அது உடனே முடியாதென்றால், அதுவரைக்கும் அந்த எஸ்எம்எஸ் வழியையாவது திரும்பத் திறந்துவிடுங்கள். பொடியனுக்குச் சோதினை கிட்டுகிறது, அவனை இனியும் கரைச்சல்படுத்த அம்மாவுக்கு விருப்பமில்லை.