அவள் கடைசியில் வீட்டுக்கு வந்தாளா?

அன்பின் கச்சானுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அவரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் 31 ஆம் நாள் அந்திரட்டிக்கு வந்துவிட்டுப் போனாய். ஐந்து மாதமாக உனக்கு நாலு வரி எழுதவில்லை. போனில் சேர்ந்து அழுததையெல்லாம் நீ கணக்கில் எடுக்கமாட்டாய், தெரியும். சரி, பிழை என்னுடையதுதான். அடுத்த முறை வரும்போது முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கி இரண்டு பை கச்சான் கடலை வாங்கித் தருகிறேன். உரித்தும் தருகிறேன், போதுமா?

இப்போது எழுதுவது வேறு விசயத்துக்கு. சிரிக்கமாட்டேன் என்று அந்தப் பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணிவிட்டு மேலே வாசி. நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 13 வயதுப் பிள்ளை ஒருத்தி விளக்கெரிக்கத் தண்ணி எடுக்கத் தனியாகக் காடு கடந்து கடலுக்குப் போய்வருகிற மாயக்கதை. ஓமடி, அதே கதைதான். 1997 இல் மல்லாவிக் கொட்டில் பள்ளிக்கூடத்தில், சீ.ஆர். கொப்பியில் எழுதினோமே, அது. கொப்பி இல்லை, நினைவில் கிடந்ததை வைத்துத் தொடங்கினேன். இப்போது 120 பக்கம் தாண்டிவிட்டது. சோறு வேகிற நேரத்திலும், பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற நேரத்திலும் களவாக எழுதுகிறேன். "வீட்டுக் கணக்கோ?" என்று இவர் கேட்டார். ஓம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மகள்தான் முதல் வாசகி. முதல் எதிரியும் அவள்தான். "விளக்கெரிக்க ஏனம்மா கடல்தண்ணி? ரோர்ச் இல்லையோ?" என்று முதல் பக்கத்திலேயே கேட்டாள். அவளுக்கு என்னவென்று விளங்கப்படுத்துவது? மண்ணெண்ணெய் வராத காலம், ஜாம் போத்தலுக்குள் விரற்கடையளவு எண்ணெய், அதைச் சுற்றி மூன்று தலைகள், முன்மயிர் கருகுகிற மணம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு முதல் கிழமை முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, அந்த உப்புத் தண்ணியில் விளக்கெரிப்பார்கள் என்று ஆச்சி சொல்லச் சொல்ல, நீதானே கேட்டாய்: "அம்மாளுக்கு எரியிற தண்ணி எங்களுக்கு எரியாதோ?" கதை பிறந்தது அங்கேதான். அந்தக் கேள்வியை அப்படியே என் பெட்டையின் வாயில் வைத்திருக்கிறேன். பங்குக் காசு கேட்டு வராதே.

வழியை மட்டும் நானே போட்டேன். நாங்கள் எழுதியபோது அவள் கிழக்கா மேற்கா என்று தெரியாமல் நடந்தாள், ஒரு இடத்தில் இமயமலைகூட வந்தது (அது உன் வேலை). இப்போது அவள் கனகராயன் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போகிறாள். ஆற்றோடு போனால் கடல் வரும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வெய்யில் காலத்தில் ஆறு வெறும் மணல். ஊற்றுக் கிண்டித்தான் குடிக்கிறாள். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டி, பேய் வந்து பெயர் கேட்கும்போது வாய் திறக்க முடியாமல் தப்பிக்கிறாள். இரணை என்றால் இரட்டைதானே, அதனால் இரணைமடுக் குளத்தைக் கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருக்கும் இரட்டைச் சகோதரிகளாக்கிவிட்டேன். அது அவ்வளவு நன்றாக வரவில்லை. சுண்டிக்குளத்தில் கடல்தண்ணி அள்ளுகிறாள். போவது சுலபம், நிறைகுடத்தோடு ஆற்றுக்கு எதிராகத் திரும்பி வருவதுதான் கதை.

ஆனால் பேன் பார்க்கிற இடம்! அதை நீ வாசிக்க வேண்டும். ஆச்சி சொன்னது நினைவிருக்கிறதா, நந்திக்கடல் ஓரத்தில் மேய்ச்சல் பெடியளிடம் அம்மாள் ஒரு கிழவியாக வந்து பசிக்குது என்றது, பொங்கிக் கொடுத்த பெடியனிடம் தலையில் பேன் பார்த்துவிடச் சொன்னது, மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள்? அங்கே கிழவி மறைந்துபோவாள். என் கதையில் மறையமாட்டாள், பெட்டையும் ஓடமாட்டாள். "ஆச்சி, அசையாமல் இருங்கோ, ஈர்கோலி கண்ணில குத்திப்போடும்" என்கிறாள். ஒவ்வொரு கண்ணாகச் சுற்றி விலக்கிப் பேன் எடுக்கிறாள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு ஊர் தெரிகிறது. ஒரு கண்ணில் அவளுடைய வீடு, அம்மா வாசலில் முழித்தபடி. ஒரே ஒரு கண் மட்டும் மூடியிருக்கிறது; அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தானாகவே விளங்குகிறது. இதை எழுதிய இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நானா எழுதினேன் என்று இருந்தது.

பிறகு அவள் பெரியபிள்ளை ஆகிற இடம். மகள் ஆவணியில்தான் ஆனாள், படம் பார்த்திருப்பாய். மண்டபம், வீடியோ, தலையில் ஒரு கோபுரம், புகையில் நடந்து வந்தாள். மாமியார் விடவில்லை, நானும் பெரிதாக மறுக்கவில்லை. எங்களுக்கு என்ன நடந்தது? ஒரு வாளித் தண்ணி, கிடுகு மறைப்பு, பச்சை முட்டை, நல்லெண்ணெய். என் பெட்டைக்கு அதுவும் இல்லை, நடுக்காட்டில் ஒரு மடுவுக்குப் பக்கத்தில் ஆகிறாள். மாமியும் இல்லை, வேப்பிலையும் இல்லை. மடுவில் நிற்கிற ஒற்றை யானை தும்பிக்கையால் உறிஞ்சி அவளுடைய தலையில் ஊற்றுகிறது. சேற்றுத் தண்ணி. எனக்கு இதுதான் நாவலின் நெஞ்சு. மகளோ, "சீ, வெட்கம், இதை எடுங்கோ" என்று பென்சிலால் குறுக்கே கோடு போட்டுவிட்டாள். நான் அழிறேசரால் அழித்தேன். அவள் திரும்பவும் போட்டாள். இப்போது அந்தப் பக்கம் கிழியப் பார்க்கிறது.

உண்மையான சண்டை வேறு. "காட்டுக்குப் போறவளுக்கு ஒரு கத்திகூட இல்லையோ? கரடி வந்தால் என்ன செய்யிறது?" என்கிறாள். நியாயம்தான். விறகுக்குப் போகிற கிழவிகூடக் கத்தியோடுதான் போகும். வாள், வில், மந்திரக்கோல், ஏதாவது ஒன்றைக் கொடுங்கோ, எல்லாக் கதையிலும் இருக்கிறது என்று வாதாடுகிறாள். நானும் கொடுக்கத்தான் இருந்தேன். பேனையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். கை வரவில்லை, கச்சான். இந்த வயதுப் பிள்ளை ஒருத்தி ஆயுதத்தோடு வன்னிக் காட்டுக்குள் இறங்குகிறாள் என்று எழுத, வேறு எந்த ஊர்க்காரிக்கும் ஒன்றும் செய்யாது. எனக்கு அது கதையாக வரமாட்டேன் என்கிறது.

வன்னிப் பாட்டில் வருகிற அரியாத்தையைச் சொல்லி மடக்கப் பார்த்தாள். யானை பிடித்தவள் என்று நான்தான் சின்னதில் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் ஊர் அரியாத்தையை எப்படிப் பாடி வைத்திருக்கிறது? புருசன் வேலப்பணிக்கன் வைக்கிற ஒப்பாரியாக. கொம்பனைக் கட்டிவிட்டு வந்தவள் அடுப்படிக்குப் போனாள், காலைக் கழுவினாள், சாப்பிட்டாள் என்று முடிகிற ஒரு பாட்டு எங்களிடம் இருந்தால் காட்டு. கண்ணகியும் நடந்து நடந்து கடைசியில் அம்மாளாகத்தான் ஆனாள். கும்பிடுகிறோம், சரி. வீட்டுக்கு வந்தவள் யார்?

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூட வாங்கில் நடுவில் இருந்தவள். படமெல்லாம் அவள்தானே கீறினாள், ரெட்டைப் பின்னலும் அளவுக்கு மிஞ்சிய பெரிய பாதமும். "நடக்கிறவளுக்குக் கால் பெரிசாத்தான் இருக்கும்" என்பாள். கடைசி அத்தியாயத்தைத் தானே எழுதுவதாகச் சொல்லிக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த திங்கள் வாங்கில் இடம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நகர்ந்து உட்காரவில்லை. அந்தத் தவணை முழுக்க அப்படியே இருந்தோம். கணக்கு ரீச்சரும் ஒன்றும் சொல்லவில்லை.

போன முறை நீ வந்தபோது, அந்திரட்டிச் சனத்துக்கு நடுவில், தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு ஒரு வார்த்தை விட்டாய்: "அவள் முடிவை எழுதினவள் தெரியுமோ." பிறகு யாரோ கூப்பிட்டார்கள், நீ எழும்பிப் போனாய். ஐந்து மாதமாக அந்த வார்த்தைதான் என்னை எழுதவைக்கிறது, எழுதவிடாமலும் பண்ணுகிறது. நீ வாசித்தாயா? அவளுடைய அம்மா காட்டினாவா? அல்லது அவளே சொன்னாளா? கொப்பி எங்கே என்று கேட்கவில்லை, 2009 க்குப் பிறகு எவரிடமும் அப்படியொரு கேள்வி கேட்கக் கூடாது. பெட்டை தண்ணியோடு ஊருக்குத் திரும்பினாளா என்று மட்டும் எழுது. அவள் திரும்பவில்லை என்று எழுதியிருந்தால் அதையும் எழுது. நான் என் முடிவை மாற்றமாட்டேன், வாசலில் கால் கழுவ வாளி வைத்தாயிற்று. ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

மோர்மிளகாய் ஒரு பொதி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். பங்கு பிரிக்கும்போது பார்த்துக்கொள், அவவின் கை நீளம்.

இப்படிக்கு,
உன் வாங்குக்காரி

பி.கு.: மகள் இறங்கி வந்திருக்கிறாள். "கத்தி இல்லாட்டிப் பரவாயில்லை, ஒரு நாயாவது குடுங்கோ" என்கிறாள். கொடுத்துவிட்டேன். நாய்க்குப் பெயர் வைக்கிற உரிமை உனக்குத்தான், பழைய பெயரை மட்டும் வைத்துவிடாதே. எங்கள் பள்ளிக்கூட அதிபர் இன்னும் சுகமாக இருக்கிறார், போன கிழமைகூடச் சந்தையில் கண்டேன்.