அட்டவணையில் அடங்காத ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூடைப்பந்து அணிகள் இரண்டின் தொடக்க ஐவரையும் இடத்துக்கு இடம் எதிரெதிரே நிறுத்தி, யார் கை ஓங்கும் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான அட்டவணையைப் படித்தேன். சுவையாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே இடத்தில் ஆடுபவர்கள்தாம் ஒருவரையொருவர் தடுப்பார்கள் என்று அது எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் 2004 இறுதித் தொடரில், ஷாக்கீல் ஓ'நீல், கோபி பிரயன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் ஆகிய நட்சத்திரங்கள் நால்வரைக் கொண்ட லேக்கர்ஸ் அணியை, புகழில் அவர்களுக்கு ஈடாகாத டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி 4-1 என்று வீழ்த்தியது. அங்கே ஷூட்டிங் கார்டு என்ற இடத்தில் ஆடிய பிரயன்டைப் பெரும்பாலும் மறித்தவர், ஸ்மால் ஃபார்வர்டு என்ற வேறோர் இடத்தில் ஆடிய டெட்ராய்ட்டின் டேஷான் பிரின்ஸ். 6 அடி 9 அங்குல உயரமும் நீண்ட கைகளும் கொண்ட அவர் ஓரடி தள்ளி நின்றே பந்தை மறைத்துவிடுவார். பிரயன்டின் எறிகளில் 100-க்கு 38 மட்டுமே கூடைக்குள் விழுந்தன. ஓ'நீல் ஆட்டத்துக்குச் சராசரியாக 26 புள்ளிகளுக்கு மேல் குவித்தும் பயனில்லை. மூன்றாம் ஆட்டத்தில் லேக்கர்ஸ் எடுத்தது மொத்தமே 68.

கிருஷ்ணகிரியில் மாலைதோறும் நாங்கள் ஆடும் சிமென்ட் தளத்திலும் இதே கதைதான்: எங்கள் நெட்டைப் பையனை எதிரணியின் குள்ளமான கார்டு இடுப்பளவு குனிந்து ஒட்டிக்கொண்டால், பந்து அவன் கைக்கே வந்து சேர்வதில்லை. ஆகவே அடுத்த முறை, யாரை யார் தடுப்பார் என்ற ஒரு பத்தியையும் அட்டவணையில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி