உன் கதையில் புதையல் ஆருடையது, மச்சான்?

கல்லடி,
மட்டக்களப்பு.
மார்கழி.

அன்பின் மச்சான்,

நீ அனுப்பின ஏழு அத்தியாயமும் கிடைத்தது. போனில் வாசிக்க என் கண்ணுக்கு ஏலாது என்று மகள் ரவுணில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து தந்தாள். இரண்டு இரவில் முடித்தேன். மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க மெழுகுதிரி வெளிச்சத்தில்தான். மூன்று கள்ளரும் கோட்டைச் சுவரோரம் தோணியை ஒதுக்கிவிட்டு, காவல்காரன் இருமி முடியும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் எனக்கும் மூச்சு நின்றது. இது முகத்துக்காகச் சொல்வதில்லை.

இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால்தான் கொஞ்சம் கரைச்சல். மாரி இந்த முறை நன்றாகப் பிடித்துவிட்டது, வளவுக்குள் தண்ணீர் நிற்கிறது.

உன் தாளைப் புரட்டும்போது, நாம் வாடகைக்குப் புத்தகம் எடுத்த அந்தக் கடைதான் ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு சதம் என்று கணக்கு. நாம் எடுத்ததில் பாதிக்கு மேல் கடைசித் தாள் கிழிந்து கிடக்கும். கள்ளன் பெட்டியைத் திறக்கிற இடத்தோடு நின்றுவிடும். பெட்டிக்குள் என்ன, அதை ஆர் கொண்டுபோனான் என்பதை நீதான் கடற்கரையில் இருந்து எனக்குச் சொல்வாய், நீயே வாசித்ததுபோல. ஒவ்வொரு முறையும் உன் கள்ளன் தப்பிவிடுவான். எனக்கும் அதுதான் விருப்பம். பொலிஸ் பிடிக்கிற முடிவை நீ சொல்லியிருந்தால் அன்றைக்குச் சண்டைதான்.

இப்போது குறையைச் சொல்லவேண்டும். நீயும் அதற்குத்தான் அனுப்பினாய்.

முதலாவது சின்ன விசயம். நாலாம் அத்தியாயத்தில் உன் ஆள் வாவிக்குள் முப்பது மீற்றர் சுழியோடுகிறான். மச்சான், எங்கள் வாவியில் ஏது முப்பது மீற்றர்? மிக ஆழமான இடத்திலேயே நாலு மீற்றர்தான். படுவான்கரைப் பக்கம் பல இடத்தில் மனிசர் இறங்கி நடந்தே வலை இழுக்கிறார்கள். இதை வாசித்தால் இந்த ஊர்ப் பொடியன் ஒருவன் புத்தகத்தை அப்படியே மூடிவிடுவான். ஆழம்தான் வேண்டுமென்றால் கடலுக்குப் போ. 1942 சித்திரை 9ஆம் தேதி யப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாழ்த்திய, பிரித்தானியரின் ஹேர்மிஸ் போர்க்கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. ஆனால் அந்தக் கப்பலோடு முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்களும் போய்விட்டார்கள். அங்கே ஒரு பித்தளைத் துண்டைக் கழற்றுகிறவன் சவக்காலைக்குள் கை வைக்கிறவன். அதை உன் கள்ளன் அறிந்து செய்கிறானா, அறியாமல் செய்கிறானா? எனக்கு அந்தக் கேள்வியில்தான் கதை தொடங்கும்.

இரண்டாவதுதான் பெரிய குறை. உன் புதையலுக்குச் சொந்தக்காரன் இல்லை.

1628இல் போர்த்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்து வருசத்தில், 1638இல், ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். அந்தக் குழப்பத்தில் பறங்கிக் கப்பித்தான் ஒருவன் பொன் பெட்டியை வாவிக்குள் தள்ளினான் என்று நீ எழுதியிருக்கிறாய். நல்ல கற்பனைதான். ஆனால் அந்தக் கப்பித்தானும் இல்லை, அவன் பரம்பரையும் இல்லை. உன் மூன்று பேர் பெட்டியை எடுத்தால் ஆரும் அழப்போவதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, நிலத்துக்குள்ளோ நீருக்குள்ளோ கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கிற பழம்பொருள் எல்லாம் அரசாங்கத்தின் சொத்து. ஆனபடியால் பொலிஸ் துரத்தலாம், தோணி கவிழலாம். உன் ஆட்களுக்கு நித்திரை மட்டும் கெடாது. எடுத்தவன் நித்திரை இல்லாமல் கிடக்கிற இராத்திரிக்காகத்தான் நான் இந்த மாதிரிக் கதைகளை இந்த வயதிலும் வாசிக்கிறேன்.

தெற்கே கிரிந்தைக்கு அப்பால், கடலுக்குள் கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கத்தடியில் 1961இல் சுழியோடி மைக் வில்சனும் இரண்டு பொடியன்களும் கண்டெடுத்த வெள்ளிக்காசு உனக்குத் தெரியும். 1702இல் சூரத்தில் அடித்த அவுரங்கசீப் காசு. சாக்கு உக்கிப்போயும் காசெல்லாம் சாக்கின் உருவத்திலேயே கட்டியாக இறுகிக் கிடந்ததாம். வாசிக்கும்போது கண் விரியும், அதிசயம்தான். ஆனால் ஆரும் ஆருக்கும் துரோகம் செய்யவில்லை, ஆகவே அது சேதி, நீ எழுத நினைக்கிற கதை வேறு.

இந்த மண்ணுக்குள் உண்மையாகவே கிடக்கிற புதையல் எது என்று யோசித்தாயா? 1990 ஆனியில் சண்டைக்குப் பயந்து ஓடும்போது எத்தனை பெண்கள் நகையைப் பால்மா டின்னில் போட்டுத் தாட்டுவிட்டுப் போனார்கள். அம்மிக்கு நேரே, கிணற்றடியில், மாமரத்துக்கு மூன்று முழம் கிழக்கே. திரும்பி வரும்போது அம்மியும் இல்லை, மாமரமும் இல்லை. ஸ்கேனர் கொண்டுவந்து தேடினாலும் ஆணிக்கும் வெடித்த கோதுக்கும் அது கத்தும்.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன், உனக்குள்ளேயே வைத்துக்கொள். படுவான்கரையில், ஊர்ப்பெயர் வேண்டாம், என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒருவன் இப்போது மேசன். ஒரு வளவில் மலகூடக் குழி வெட்டியிருக்கிறான். அலவாங்கு கல்லில் பட்டால் கை அதிரும். இது அதிரவில்லை, மெத்தென்று இறங்கியதாம். கிளறிப் பார்த்தால் மண்ணில் செங்காவி வட்டம் ஒன்று, அவ்வளவுதான் டின். உள்ளே சொப்பின் பை, அதற்குள் சீலைத்துண்டு. அதற்குள் நாலு காப்பு, ஒரு அட்டியல், குழந்தைப் பிள்ளைக்குக் கட்டுகிற பஞ்சாயுதம் ஒன்று. நேற்றுத் தட்டானிடம் வாங்கியதுபோல மினுங்கியதாம்.

அவன் ஒன்பது நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பத்தாம் நாள் இரவு சைக்கிளில் என்னிடம் வந்தான். "சேர், இது ஆரிட எண்டு எனக்குத் தெரியும்" என்றுதான் தொடங்கினான்.

அந்த வளவு ஒரு பிள்ளையின் தாய்வழிக் காணி. தாயும் தகப்பனும் அந்த 90இலேயே போய்விட்டார்கள். அம்மம்மாதான் வளர்த்தது. அந்தக் கிழவி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததாம், "உங்கம்மாட நாலு காப்பும் அட்டியலும் வளவுக்குள்ளதான் கிடக்கு மனே" என்று. மூன்று முறை தோண்டிப் பார்த்துக் களைத்து, கடைசியில் காணியை விற்றுவிட்டாள் அந்தப் பிள்ளை. இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. வாங்கினவரிடம் பிறகு நானே போய்ச் சொன்னேன். "அந்த நகை என்ட வீட்டுக்குள்ள வேணாம் சேர், குடுத்திருங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஆனால் மேசன் கொண்டுவந்த சீலைக்குள் இரண்டு காப்புதான் இருந்தது. மற்ற இரண்டையும் அந்த ஒன்பது நாளைக்குள் அடகு வைத்துவிட்டான். மகள் கம்பஸ் போகிறாள், போடிங் காசு கட்டவேண்டும். தங்கம் விற்கிற விலை உனக்குத் தெரியும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இரண்டு காப்பைப் பற்றி இப்ப கதைக்காத. நானும் கொஞ்சம் போடுறன், மீட்டெடுப்பம். பிறகு குழிக்குப் பக்கத்தில இதுவும் கிடந்தது எண்டு குடுப்பம்" என்றேன். அவன் தலையாட்டினான். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆருக்கும் நட்டமில்லை, பெடியன் மானமும் போகாது.

அடுத்த நாள் அவள் வந்தாள். விறாந்தையில் பாயைப் போட்டேன். முதலில் பஞ்சாயுதத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள், அது அவளுக்குக் கட்டினது. பிறகு மற்றதைப் பாயில் வரிசையாக வைத்தாள். "ரெண்டு காப்பு குறையுது சேர்" என்றாள். நான் வாய் திறக்க முதல் மேசன் சேர்ட் பொக்கெற்றுக்குள் இருந்து நாலாய் மடித்த ரசீதை எடுத்து அவள் முன்னால் வைத்தான். வேர்வையில் நனைந்து மை ஊறியிருந்தது. "நான்தான் அக்கா வெச்சன்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை, மகளைப் பற்றிக்கூட.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "எங்கட அம்மாட கையில கிடந்தது" என்று மட்டும் சொன்னாள். ரசீதையும் சேர்த்துச் சீலைக்குள் முடிந்துகொண்டு எழும்பிப் போய்விட்டாள். கொடுத்த தேத்தண்ணி ஆடை பிடித்துக் கிடந்தது. அவன் கொஞ்ச நேரம் பாயின் கரையை நிமிண்டிக்கொண்டு இருந்தான். நான் அவன் முகத்தை நேரே பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கள்ளன் கதை வாசித்தவன் நான், அவன் ஒன்றும் வாசிக்காதவன். பொய்யை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தானே.

அதுதான் சொல்கிறேன், உன் மூன்றாவது கள்ளனை எனக்குப் பிடிக்கும், அந்தக் கால் நொண்டியை. அவனை வாவிக்குள் இறக்காதே. பறங்கிப் பெட்டியைத் தேடித் தோண்டுகிற வழியில் அவன் கையில் ஒரு பால்மா டின் அகப்படட்டும். மற்ற இருவருக்கும் அது சில்லறை. இவனுக்கு அந்தச் சீலைத்துண்டு ஆருடையது என்று தெரிந்திருக்கட்டும். பொலிசைவிட அது அவனை வேகமாகத் துரத்தும். கோட்டைச் சுவரும் இருமுகிற காவல்காரனும் அப்படியே இருக்கட்டும், அதில் கை வைத்தால் நான் பேசமாட்டேன்.

ஒரு காப்பைக் கார்த்திகையில் மீட்டாயிற்று. மற்றது வேளாண்மை வெட்டு முடியத்தான். அவள் அவனோடு இன்னும் நேரே கதைக்கவில்லை. ரசீது அவளிடம்தான் இருக்கிறது, மீட்கப் போகும்போது அவளும் வந்து கடை வாசலில் நிற்கிறாள். போன முறை நானும் போனேன். அவன் காசை எண்ணிக் கொடுக்க, அவள் காப்பை வாங்கி அங்கேயே கையில் போட்டுப் பார்த்தாள். சின்னக் கை அந்தத் தாய்க்கு, மணிக்கட்டுக்கு ஏறவில்லை.

எட்டாம் அத்தியாயத்தைத் தபாலில் போடு. பங்குனியில் வந்தால் இங்கேயே தங்கு, தயிர்ச்சட்டி சொல்லி வைக்கிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பின் மச்சான்