செயலாளர் ஆண்டறிக்கை: முனைவர் பட்டக் கல்வி உதவித் திட்டம், சிலிம் ரிவர், பேராக், மலேசியா

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், தீபாவளி உபசரிப்பு, தோட்டப் பள்ளிகளுக்கான புத்தக உதவி ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. தலைமையாசிரியர்களும் துணைத் தலைமையாசிரியர்களும் குறைந்த செலவில் முனைவர் பட்டம் பெறுவதற்கான திட்டத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

கட்டணம் அதிகம் என்றுதான் எல்லாரும் அங்கலாய்க்கிறார்கள். ஆனால் பகுதிநேரமாகப் படிப்பவரின் கையைக் கடிப்பது இழுத்துக்கொண்டே போகும் செமஸ்டர்கள்தான். ஆய்வேடு ஒரு பக்கம்கூட நகராவிட்டாலும் பதிவைக் காப்பாற்றக் கட்டணம் கட்டியாக வேண்டும். எனவே ஆய்வு முன்மொழிவின் முதல் வரைவைக் காட்டுபவருக்கே வட்டியில்லாக் கடன் என்று செயலவை முடிவு செய்தது. பணம் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே போகும். தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம்) நமக்குப் பக்கம்தான். ஆனால் அருகில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சேரக்கூடாது. நம் தலைப்பில் வழிகாட்டக்கூடிய மேற்பார்வையாளர் அங்கே இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

முன்மொழிவுகள் பெரும்பாலும் மாதிரி அளவில்தான், அதாவது எத்தனை பேரிடம் தரவு திரட்டுவது என்பதில்தான், அடிபடுகின்றன. பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தலைமையாசிரியர்கள் 130 பேர் என்று வைத்துக்கொண்டாலும் மாதிரி அளவைக் காட்டும் கிரெஜ்சி - மோர்கன் அட்டவணைப்படி 97 பேரின் பதில் தேவை. ஒரே மாவட்டத்தின் ஒருசில பள்ளிகளை வைத்துக் கருத்தாய்வு செய்கிறேன் என்றால் முன்மொழிவை மதிப்பிடும் குழு அங்கேயே நிறுத்திவிடும். பள்ளி எண்ணிக்கை குறைவென்றால் நேர்காணல் வழியிலான பண்புசார் ஆய்வே பொருந்தும். இதை முதல் செமஸ்டரிலேயே முடிவு செய்வது நல்லது.

அடுத்த முட்டுக்கட்டை அனுமதி. அரசுப் பள்ளிகளில் தரவு திரட்ட, கல்வி அமைச்சின் இராஸ் (eRAS) என்ற இணைய விண்ணப்ப முறையில் முன்மொழிவையும் வினாநிரலையும் ஏற்றி அனுமதி பெற வேண்டும். பிறகு மாநிலக் கல்வி இலாகாவின் கடிதம், அதன்பின் பள்ளியின் சம்மதம். அனுமதிக்குக் காலாவதித் தேதி உண்டு. அனுமதி கிடைத்த பிறகு வினாநிரலை மாற்றினால் முதலிலிருந்து அலைய நேரிடும். ஆதலால் சுமார் 30 பேரிடம் முன்சோதனைக்குத் தனியாக அனுமதி வாங்கி, வினாநிரலின் நம்பகத்தன்மையைக் காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.70க்குக் குறையாமல் இருப்பதைப் பார்த்த பிறகே முதன்மை ஆய்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறோம். தமிழ் வினாநிரலுக்கு மலாய் மொழிபெயர்ப்பும் சரிபார்ப்பும் வேண்டும். இதற்கு ஆகும் நாள்களைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பண உதவிக்கு வருவோம். முழுநேரப் படிப்புக்கு அமைச்சின் ஹடியா லத்திஹான் பெர்செகுத்துவான் என்ற உபகாரச் சம்பளத் திட்டம் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. வயது வரம்பையும் நிபந்தனைகளையும் அந்தந்த ஆண்டு விளம்பரத்தில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய விளம்பரம் உதவாது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்கும் கல்வி மீட்பு, ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாது. தனியார் துறையில் பணியாற்றும் உறுப்பினர்களுக்கு அது நல்ல வழி. சொந்தக் கல்விக்கான வருமான வரிக் கழிவு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை உண்டு. அந்தத் தொகை அப்படியே கைக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்துதான் அது கழிக்கப்படும் என்பதால், 11 விழுக்காட்டு வரி கட்டுபவருக்கு மிச்சமாவது 770 ரிங்கிட்தான். ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அதை 7 ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள்.

கடன் தவணை பாக்கி வைத்திருப்போர் பட்டியலைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு வாய்மொழித் தேர்வுக் கட்டணத்தையும் கடனில் சேர்க்கலாமா என்ற தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது.