கீர் ஹார்டியின் பெயரைச் சொல்லும் எம்பிக்களுக்கு, கேனிங் டவுனிலிருந்து

பிரிட்டன் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, அதிலும் தொழிற்சங்கப் பொறுப்பிலிருந்து அந்தச் சபைக்குப் போனவர்களுக்கு,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. மூன்று வருடமாகக் கிழக்கு லண்டனில், முடியாமல் இருக்கும் வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலை செய்கிறேன். காலை ஆறே முக்காலுக்கு முதல் வீடு, குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, டீ போட்டு வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், அப்படி ராத்திரி வரை. அந்த ஓட்டத்தில் தினமும் கேனிங் டவுனில் ஒரு தொடக்கப்பள்ளியைத் தாண்டிப் போவேன். அதன் பெயர் கீர் ஹார்டி பள்ளி. ஒன்றரை வருடம் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தும் அவர் யார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தாத்தா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ஒருநாள் சொன்னார், “அவர் எங்க ஆளும்மா, எங்க ஏரியாவிலிருந்துதான் பார்லிமென்ட் போனார்” என்று. அதன்பிறகு நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் படித்தேன். படித்து முடித்தபோது உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர் கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1856இல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் வீட்டு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு, கல்யாணம் ஆகும் முன்பே பிறந்த பிள்ளை. பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, படிக்கக் கற்றுக்கொடுத்தது அம்மாதான். ஏழெட்டு வயதில் வேலைக்குப் போனவர், பத்து வயதாவதற்குள் கிளாஸ்கோவில் ஒரு ரொட்டிக் கடையில் பையனாக இருந்தார், வாரம் மூன்றரை ஷில்லிங். வளர்ப்புத் தந்தைக்கு வேலை இல்லாத சமயம், வீட்டில் வந்த ஒரே காசு அதுதான். தம்பி காய்ச்சலில் கிடக்கிறான், அம்மா நிறைமாதம், ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டுக் காலையில் கொஞ்சம் தாமதமாகப் போகிறார். முதலாளி வீட்டில் குடும்பமாகப் பிரார்த்தனை நடக்கிறது, முடியும்வரை வெளியே நிற்க வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டு, வேலை போயிற்று என்றார்கள், அந்த வாரக் கூலியையும் பிடித்துக்கொண்டார்கள். மழையில் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்த அந்தப் பையனை என்னால் மறக்க முடியவில்லை. அவரும் கடைசிவரை மறக்கவில்லை, பெரியவர் ஆன பிறகு பலமுறை இதைச் சொல்லியிருக்கிறார்.

பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். காற்றுப் போக வைத்திருக்கும் கதவைத் திறந்து மூடும் வேலை, பத்து மணி நேரம், இருட்டில், தனியாக. விளக்குப் புகையில் கல்லைக் கறுப்பாக்கி அதில் ஊசியால் கீறித்தான் சுருக்கெழுத்துப் பழகினார். 1877இல் அதே லனார்க்‌ஷயரில் பிளாண்டையர் சுரங்கம் வெடித்து 207 பேர் செத்தார்கள், அப்போது அவருக்கு வயது 21. சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பேச ஆரம்பித்தார். பேசியதற்குப் பலன், அவரையும் தம்பிகளையும் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். கீழே இறங்கிக்கொண்டிருந்த கூண்டையே பாதியில் நிறுத்தி மேலே இழுத்து, ஹார்டி வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் இனி இந்தச் சுரங்கத்தில் வேலை கிடையாது என்று அனுப்பிவிட்டார்களாம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

சுரங்கத்தின் கதவு அவருக்கு மூடிக்கொண்டதும் சங்கமே அவர் வேலை ஆகிவிட்டது. அயர்ஷயரில் கம்னக் என்ற ஊருக்குக் குடிபோய், பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டே சங்கம் கட்டினார், 1886இல் ஸ்காட்லாந்து சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் செயலாளர் ஆனார். அதுவரை அவரும் லிபரல் கட்சியை நம்பியவர்தான். தொழிலாளி ஒருவரைக்கூட வேட்பாளராக நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை என்று பார்த்ததும் 1888இல் மிட் லனார்க் இடைத்தேர்தலில் தனியாக நின்றார். விலகிக்கொள், வேறு தொகுதி தருகிறோம், வருடம் 300 பவுண்டும் தருகிறோம் என்று பேரம் பேசிப் பார்த்தார்கள். ரொட்டிக் கடைக் கூலியை நினைத்துக்கொண்டு அந்த 300 பவுண்டை எண்ணிப் பாருங்கள். வேண்டாம் என்றார். கிடைத்தது 617 ஓட்டு, கடைசி இடம். அதே வருடம் ஸ்காட்லாந்துத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கிவிட்டார்.

நாலு வருடம் கழித்து எங்கள் தெருவுக்கு வந்தார். 1892இல் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதி என்றால் இன்றைய கேனிங் டவுன், பிளாய்ஸ்டோ, துறைமுகம், பெக்டன் எரிவாயுத் தொழிற்சாலை எல்லாம் சேர்ந்தது. அந்த எரிவாயுத் தொழிலாளர்கள்தான் 1889இல் வில் தோர்ன் தலைமையில் சங்கம் வைத்து எட்டு மணி நேர வேலையை வாங்கியவர்கள், அந்த வெற்றிக்குப் பின்னால்தான் துறைமுகமே எழுந்து நின்றது. அந்த மக்கள் ஹார்டிக்கு 5,268 ஓட்டுப் போட்டு, எதிராளியை 4,036இல் நிறுத்தினார்கள். எல்லா ஆண்களுக்கும்கூட ஓட்டு இல்லாத காலம் அது, பெண்களுக்குச் சுத்தமாக இல்லை. காமன்வெல்த் நாட்டவள் என்பதால் எனக்கு இங்கே பொதுத்தேர்தலில் ஓட்டு இருக்கிறது. 2024இல் அதே தெருக்களில் வரிசையில் நின்று போட்டேன், உங்களுக்குத்தான்.

கோட்டும் உயரத் தொப்பியும் போடாமல் முரட்டுத் துணி உடையில், சாதாரணத் தொப்பியோடு அவர் சபைக்குப் போன கதையை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. 1894 ஜூன் 28தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்கு ஐந்து நாள் முன்னால் தெற்கு வேல்ஸில் கில்வினித் ஊரின் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 பேர் செத்துப்போனார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. சபை அந்தக் குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. ஹார்டி கேட்டது ஒன்றே ஒன்று, செத்தவர்களின் குடும்பங்களுக்கு இரண்டு வரி அனுதாபமும் சேர்க்கலாமா என்று. முடியாது என்றார்கள். எழுந்து நின்று தனி ஆளாக வாழ்த்துத் தீர்மானத்தையே எதிர்த்துப் பேசினார், சபை முழுக்கக் கத்தியது, அவர் பேசி முடித்துத்தான் உட்கார்ந்தார். சின்ன வயதிலிருந்தே சுரங்கத்தில் உழைத்த அவருக்குத் தெரியும், 290 என்றால் என்ன என்று, எத்தனை வீட்டு வாசலில் அம்மாக்கள் நின்றிருப்பார்கள் என்று. அவரை அங்கே அனுப்பியது எதற்கோ, அதை அன்றைக்கு அவர் செய்தார்.

1895இல் தோற்றார். அவர் 1893இல் பிராட்ஃபோர்டில் தலைமையேற்ற சுயேச்சைத் தொழிற்கட்சி நிறுத்திய 28 பேரும் தோற்றார்கள். பிறகு 1900இல் தொழிற்சங்கங்களும் சோசலிஸ்டுகளும் சேர்ந்து அமைத்த பிரதிநிதித்துவக் குழு, அதே வருடம் வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் தொகுதியில் அவருக்கு வெற்றி, 1906இல் அந்தக் குழுவின் சார்பில் 29 எம்பிக்கள், அதுதான் இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கும் கட்சி. டாஃப் வேல் ரயில்வே வழக்கில் வேலைநிறுத்தத்துக்காகச் சங்கமே நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்ததே, அதை 1906இல் சட்டம் போட்டுத் தள்ளினார்கள். 1911 வரை எம்பிக்களுக்குச் சம்பளமே கிடையாது, எழுதியும் மேடையில் பேசியும்தான் அவர் வயிறு நிறைந்தது.

சரி, இப்போது எனக்குக் கஷ்டமாக இருந்த பகுதிக்கு வருகிறேன். 1880களில் அயர்ஷயரில் கிளென்கார்னக் இரும்பு ஆலைக்கு லிதுவேனியாவிலிருந்து ஆட்கள் வந்தபோது, சங்கச் செயலாளர் ஹார்டி அவர்களுக்கு எதிராக எழுதினார். நம் கூலியைக் குறைக்கத்தான் கொண்டுவருகிறார்கள் என்றதோடு நிற்கவில்லை, ஊரின் ஆரோக்கியத்துக்கும் ஒழுக்கத்துக்கும் கேடு என்றும் எழுதினார். படித்தபோது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் என்னைப் பார்த்துச் சிலர் முணுமுணுப்பதை நான் மதிக்கும் மனிதரின் எழுத்திலேயே படிக்க வேண்டியிருந்தது.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1907இல் உடம்பு சரியில்லாமல் உலகம் சுற்றக் கிளம்பியவர் இந்தியாவுக்கு வந்தார். வங்கத்தைப் பிரித்த கோபம் தெருவெல்லாம் எரிந்துகொண்டிருந்த நேரம். கிராமங்களுக்குப் போனார், விவசாயிகளிடம் வரியைப் பற்றிக் கேட்டார், கனடாவுக்குச் சுயாட்சி சரி என்றால் இந்தியாவுக்கும் சரிதான் என்றார். லண்டன் பத்திரிகைகள் அவரை ராஜத்துரோகி என்று திட்டித் தீர்த்தன. அதே பயணத்தில் பிறகு தென்னாப்பிரிக்கா போய், கறுப்பினத் தொழிலாளிகளையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வெள்ளைத் தொழிலாளிகளிடமே சொன்னார், கூட்டம் அடிக்க வந்தது. லிதுவேனியர்கள் கதையும் எப்படி முடிந்தது தெரியுமா? அவர்கள் லனார்க்‌ஷயர் சுரங்கச் சங்கத்தில் சேர்ந்து உறுதியான உறுப்பினர்களாக நின்றார்கள், சங்கம் தன் விதிகளை அவர்கள் மொழியிலும் அச்சடித்தது.

இருபது வருடத்தில் அவர் வந்து சேர்ந்த இடம் அது. நான் உங்களிடம் கேட்பது, அவர் 1887இல் நின்ற இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள் என்றுதான்.

கூண்டை மேலே இழுத்த கதையில் ஏன் புத்தகத்தை மூடினேன் என்று சொல்கிறேன் என்றேனே. என் விசா என் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது, அவர்தான் என் ஸ்பான்சர். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரத்துக்கு நான் முன்பு இருந்த இடத்தில் சம்பளம் கிடையாது. பதினோரு மணி நேரம் வெளியே இருந்தால் ஏழு மணி நேரக் கூலி வரும். ஒருமுறை மரியாதையாகத்தான் கேட்டேன். “உன் ஸ்பான்சர்ஷிப் யார் கையில் இருக்கு, ஞாபகம் இருக்கா?” என்று பதில் வந்தது. அடுத்த மாத ரோட்டாவில், அதாவது வேலை நேரப் பட்டியலில், என் நேரம் பாதியானது. ஊரில் அம்மாவின் நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் நான், வாயை மூடிக்கொண்டேன். ஸ்பான்சர் கைவிட்டால் பொதுவாக 60 நாள் கெடு, அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டும். ஹார்டியை அந்தச் சுரங்கத்திலிருந்துதான் துரத்தினார்கள், நாட்டைவிட்டுத் துரத்தவில்லை, அதனால்தான் கம்னக்கில் போய்ச் சங்கம் கட்ட முடிந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கம்னக்கே இல்லை.

2025 மே மாதம் வந்த உங்கள் அரசின் வெள்ளை அறிக்கை, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு 5 வருடம் என்பதைப் பொதுவாக 10 ஆக்கப்போவதாகச் சொன்னது. நவம்பரில் கேர் வேலை செய்யும் எங்களுக்கு 15 என்று முன்மொழிந்தார்கள். பதினைந்து வருடம் ஒரு ஆள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்றால், அந்த ஆளைச் சங்கத்தில் எப்படிச் சேர்ப்பீர்கள்? நீங்கள் சங்கம் நடத்தியவர்கள், என்னைவிட உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கூலியைக் குறைக்கிறார்கள் என்று எங்களைச் சொல்பவர்களிடம், பேச விடாமல் கட்டிவைத்தால் கூலி தானாகக் குறையும் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். விசாவை ஒரு முதலாளியோடு கட்டாமல் கேர் துறையோடு கட்டுங்கள், யூனிசன் சங்கம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, நானும் அதன் உறுப்பினர். இரண்டாவது, ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்குப் பாதி வழியில் வருடத்தைக் கூட்டாதீர்கள். ஐந்து வருடம் என்று நம்பித்தான் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் எங்களில் பலர். சபையில் இது வாக்கெடுப்புக்கு வரும் நாளில் கட்சிக் கொறடா ஒன்று சொல்வார், உங்கள் மனது ஒன்று சொல்லும், அந்த நேரத்தில் 1894 ஜூன் 28இல் தனியாக எழுந்து நின்றவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களில் ஏழெட்டுப் பேருக்கு ஷிப்ட் இருக்காது. மலையாளிப் பெண்கள் மூன்று பேர், ஜிம்பாப்வே அக்கா ஒருவர், மற்றவர்கள் தமிழ். இந்தத் தொகுதிக்கு வரும்போது யாராவது எங்களோடு உட்கார்ந்து பேச வாருங்கள். சம்பளச் சீட்டும் ரோட்டாவும் எடுத்து வைத்திருக்கிறோம், காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கேனிங் டவுனில் கேர் வேலை செய்யும் ஒரு சங்க உறுப்பினர்