ஸ்டேஷன் இருக்குன்னு எழுதுறீங்க, எந்த சார்ஜிங் கன்னுன்னு எழுதலையே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

"ஏற்காடு போற எலெக்ட்ரிக் கார்காரங்களுக்கு இனி கவலையில்லை"ன்னு போன ஞாயித்துக்கிழமை சார்ஜிங் ஸ்டேஷன் லிஸ்ட் போட்டு எழுதியிருந்தீங்க. அந்த ஒரு வரிய நம்பித்தான் நானும் வீட்டம்மாவும் அஸ்தம்பட்டில இருந்து கிளம்பினோம். மலை ஏறி, பகோடா பாயிண்ட் அங்க இங்கன்னு சுத்தி முடிக்கறப்ப சார்ஜ் 14 சதவீதம். நீங்க போட்ட இடத்துக்குப் போனா சிசிஎஸ்2-ன்னு புது கார்களுக்கான கன் (வண்டில சொருகுற சார்ஜிங் முனை) மட்டும் தொங்குது. என் வண்டி 2018 மாடல், பாரத் டிசி 001-ன்னு பழைய வகை கன் தான் அதுக்கு சேரும். அங்க இருந்த தம்பி "பழைய வண்டி சார், அடாப்டர் வாங்கிக்கங்க"ன்னு அனுப்பிட்டாரு.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, இது முனைய மட்டும் மாத்துற சமாச்சாரமா ஐயா? டிசி 001 நூறு வோல்ட்டுக்குள்ள, 15 கிலோவாட்டோட சரி. இப்ப வர்ற கார்ல பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல. கன்னும் வண்டியும் ஒண்ணுக்கொண்ணு தகவல் பேசிக்கிற முறையே வேற, டிசி 001-ல கேன்னு ஒரு முறை, சிசிஎஸ்2-ல பிஎல்சின்னு வேற முறை.

2017-ல அரசாங்கம் கொண்டு வந்த ஸ்டாண்டர்டு தானே இந்த டிசி 001, நாடு பூரா இதான் வரப்போகுதுன்னு ஷோரூம்ல சொல்லித்தான் வித்தாங்க. 2018 டிசம்பர்ல பப்ளிக் ஸ்டேஷன்ல சிசிஎஸ், சேடெமோ (ஜப்பான் முறை), பாரத் எல்லாமே இருக்கணும்னு சொன்னவங்க 2019 அக்டோபர்ல எது வேணுமோ அத வச்சுக்கலாம்னு விட்டுட்டாங்க, நடுவுல நம்பி வாங்கினவன கேட்க ஆளில்ல. டூவீலருக்கு 2023-ல தான் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) சார்ஜிங்குக்கு ஒரு பொது ஸ்டாண்டர்டு கொண்டு வந்துச்சு, அதுக்கு முன்னாடி வாங்கின என் மக ஸ்கூட்டர் சார்ஜர் மருமகன் ஸ்கூட்டருக்கு சேராது. செட்டாப் பாக்ஸ்லயும் இப்படித்தான், ரெண்டு தடவ காசு கட்டினேன். ஒவ்வொரு தடவையும் முதல்ல வாங்கினவன் தலைல தான் விடியுது.

கடைசில ஒரு எஸ்டேட் லைன் வீட்டுக்காரர் தான் அவர் வீட்டு 15 ஆம்ப்ஸ் பிளக்ல போட விட்டாரு. நாலு மணி நேரம். வீட்டம்மாவுக்கு சுகர், நேரத்துக்கு சாப்பாடு கிடையாது, அவங்க குடுத்த ரெண்டு பன்னு தான். இருட்டுல 20 வளைவும் இறங்கி வந்தோம், இறக்கத்துல மோட்டாரே சார்ஜ் பண்ணி பேட்டரி கொஞ்சம் ஏறினதால தைரியம் வந்துச்சு.

அடுத்த தடவ லிஸ்ட் போடும்போது ஸ்டேஷன் பேருக்குப் பக்கத்துல எந்த கன், எத்தன கிலோவாட்னு போடுங்க ஐயா. ஒரு வரி கூட ஆகாது.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி வாசகர், சேலம்